கட்டத்துக்கு வெளியே முடிந்த சண்டை

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "2025-இல் பேட்மேனும் டெட்பூலும் ஒரே புத்தகத்தில் வந்ததிலிருந்து, 1996-இல் மார்வெல் நாயகர்களும் டிசி நாயகர்களும் மோதிய கதையைப் பற்றித்தான் எங்கள் நண்பர்களுக்குள் ஓயாத பேச்சு. அதில் வாசகர்களே வாக்களித்து வெற்றியைத் தீர்மானித்தார்கள் என்கிறார்கள். தாங்களே தேர்ந்தெடுத்த முடிவை எண்ணி அவர்கள் ஏன் இத்தனை ஆண்டுகளாக ஆறாமல் இருக்கிறார்கள்? இது வெறும் கட்சிப்பற்றா, அல்லது அவர்கள் மனக்குறையில் நியாயம் உண்டா? இப்போது படிக்க வேண்டுமானால் எதைப் படிக்கலாம்?"

நியாயம் உண்டு என்பதே என் பதில். ஆனால் அது நம்மில் பலர் தேடும் இடத்தில் இல்லை. தன் நாயகன் தோற்றுவிட்டான் என்பதற்காக எந்த ரசிகரும் முப்பது ஆண்டு வருத்தப்படுவதில்லை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், பிறகு அடுத்த இதழ் வந்ததும் மறந்துவிடுவார். தன் நாயகன் அந்த இடத்தில் தானாகவே இல்லாமல் போய்விட்டான் என்று மனத்தில் பட்டுவிட்டால்தான் அது ஆறுவதில்லை. பாளையங்கோட்டையில் பல ஆண்டுகள் வாடகை நூலகம் நடத்தியவன் என்ற முறையில், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரும் பையன்களின் முகத்திலேயே இந்த இரண்டு வருத்தங்களையும் பிரித்தறியப் பழகியிருக்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1996-இல் மார்வெல், டிசி என்ற இரு அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனங்களும் சேர்ந்து நான்கு இதழ்களில் அந்தக் கதையை வெளியிட்டன. ரான் மார்ஸும் பீட்டர் டேவிடும் எழுத, டான் ஜர்கன்ஸும் கிளாடியோ காஸ்தெல்லினியும் வரைந்தார்கள். மொத்தம் பதினொரு சண்டைகள். அவற்றில் ஆறின் முடிவை ஆசிரியர் குழு தானே முடிவு செய்தது. ஐந்தை மட்டும் வாசகர் வாக்குக்கு விட்டது. ஆசிரியர் குழு தன் ஆறையும் மூன்றுக்கு மூன்று என்று சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டது. தோர், சில்வர் சர்ஃபர், எலெக்ட்ரா ஆகியோர் மார்வெல் பக்கம் வென்றார்கள். அக்வாமேன், ஃப்ளாஷ், ராபின் ஆகியோர் டிசி பக்கம் வென்றார்கள். வாக்குக்கு விட்ட ஐந்தில் சூப்பர்மேன் ஹல்க்கையும், பேட்மேன் கேப்டன் அமெரிக்காவையும், ஸ்பைடர்மேன் சூப்பர்பாயையும், வுல்வரின் லோபோவையும், ஸ்டார்ம் வொண்டர் வுமனையும் வென்றார்கள். ஆக, ஆறுக்கு ஐந்து என்று மார்வெல் முந்தியது.

அந்த நான்கு இதழ்களும் 1997 வாக்கில் என் கடைக்கு வந்தன. தூத்துக்குடியில் கப்பல் வேலை பார்த்த ஒருவர், தன் மகன் படித்து முடித்துவிட்டான் என்று பழைய ஆங்கிலப் புத்தகங்களோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். முத்து காமிக்ஸும் லயனும் ராணியும் அடுக்கியிருந்த பலகையில் அவை பளபளவென்று தனியாகத் தெரிந்தன. ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன், வீட்டுக்கு எடுத்துப்போகக் காசு இல்லாமல், கடை வாசலில் இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து மூன்றாவது இதழைப் படித்தான். சிறிது நேரத்தில் எழுந்து வந்தான்.

"அண்ணாச்சி, இதுல ஒரு தாள் கிழிஞ்சிருக்கு."

வாங்கிப் பார்த்தேன். தாள் எதுவும் கிழிந்திருக்கவில்லை. அவன் ஒப்புக்கொள்ளாமல், நடுவில் பின் அடித்த இடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாக விரலை எச்சில் தொட்டு எண்ணிக் காட்டினான். எண்ணிக்கை சரியாக இருந்தது. அவன் தேடியது வுல்வரினும் லோபோவும் போட்ட சண்டையை. மதுக்கடை ஒன்றில் அந்தச் சண்டை தொடங்குகிறது. இருவரும் மது ஊற்றிக் கொடுக்கும் மேடைக்குப் பின்னால் விழுகிறார்கள். அங்கே நடப்பது நம் கண்ணுக்குக் காட்டப்படுவதில்லை. பிறகு வுல்வரின் மட்டும் எழுந்து வருகிறான், சுருட்டுப் பற்றவைக்கிறான், அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு லோபோ யார் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். அவன் எந்தக் கட்சியையும் சேர்ந்தவன் இல்லை. ஆனாலும் நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்பதை அவன் கை உணர்ந்து தாளை எண்ணியது. அமெரிக்க ரசிகர்கள் அன்று முதல் இன்று வரை சொல்லிவரும் குறையும் இதுவேதான்.

லோபோவை அறிந்தவர்களுக்கு அந்தக் குறை இன்னும் பெரிது. 1983-இல் ரோஜர் ஸ்லைஃபரும் கீத் கிஃபனும் உருவாக்கிய பாத்திரம் அவன். சூப்பர்மேனோடு நேருக்கு நேர் நின்று அடித்துக்கொள்ளக் கூடியவன். வெட்டினாலும் சுட்டாலும் உடம்பு மறுபடி கூடிவிடும். வுல்வரினுக்கும் காயம் தானே ஆறும் என்றாலும், இருவரின் வலிமைக்கும் நடுவே உள்ள தூரம் பெரியது. எளியவன் வலியவனை வெல்வது கதையில் நடக்கக் கூடாதது அல்ல; நம் கதைகளில் பாதி அதுதான். ஆனால் எப்படி வென்றான் என்று காட்ட வேண்டிய கடமை கதை சொல்பவருக்கு உண்டு. தந்திரத்தால் வென்றானா, லோபோவின் அகம்பாவத்தைப் பயன்படுத்திக்கொண்டானா, அல்லது விடிய விடிய அடிவாங்கியும் விழாமல் நின்று அவனைச் சலிக்க வைத்தானா? இவற்றில் எதைக் காட்டியிருந்தாலும் வுல்வரின் இன்னும் உயர்ந்திருப்பான், லோபோவும் குறைந்திருக்க மாட்டான். மேடைக்குப் பின்னால் ஒளித்து வைத்ததால் இருவருமே சிறுத்துப் போனார்கள்.

வாக்கு எதைத் தீர்மானிக்க முடியும், எதைத் தீர்மானிக்க முடியாது என்பது இந்த இடத்தில் தெளிவாகிவிடுகிறது. யார் வெல்ல வேண்டும் என்பதை வாக்கால் சொல்லலாம். அந்த வெற்றி அந்தப் பாத்திரத்தின் குணத்திலிருந்து எப்படி விளைந்தது என்பதை எழுத்தாளர்தான் சொல்ல வேண்டும். நான்கு மெல்லிய இதழ்களில் பதினொரு சண்டைகளை அடக்க வேண்டியிருந்ததால் சண்டை ஒவ்வொன்றுக்கும் சில பக்கங்களே கிடைத்தன. குணத்தைக் காட்ட இடமில்லாமல் போயிற்று. சூப்பர்மேன்–ஹல்க் சண்டையைப் பற்றிய மனக்குறையும் பெரும்பாலும் இதுவே. கோபம் ஏற ஏற ஹல்க்கின் பலமும் ஏறும், அதற்கு மேல்வரம்பு இல்லை என்பது அந்தப் பாத்திரத்தின் அடிப்படை விதி. சூப்பர்மேன் வெல்வதை நான் முழுமனத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஹல்க்கின் கோபம் ஏறுவதற்கே நேரம் கொடுக்காமல் சண்டையை முடித்துவிட்டால், அங்கே நின்றது ஹல்க்தானா என்று ஒருவர் கேட்கும்போது என்னிடம் மறுமொழி இல்லை.

ஆனால் அதே புத்தகத்தில் சரியாக அமைந்த இடங்களும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது அநியாயம். பேட்மேனும் கேப்டன் அமெரிக்காவும் பாதாளச் சாக்கடையில் மோதுகிறார்கள். இருவரும் சமபலம் என்பதைக் கதை ஒளிக்கவில்லை. திடீரென்று பாய்ந்த வெள்ளத்தில் கேப்டன் நிலைகுலைந்ததால்தான் முடிவு ஏற்படுகிறது. வென்ற கையோடு பேட்மேன் அவரை மூழ்கவிடாமல் காப்பாற்றுகிறான். கேப்டனின் ரசிகர்கள் இந்தத் தோல்வியைப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், தோற்ற பிறகும் கேப்டன் கேப்டனாகவே இருந்ததுதான்.

வொண்டர் வுமன் தோற்ற இடத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதிகம் திட்டு வாங்கியதும் அதுதான், என் பார்வையில் தவறாகப் படிக்கப்படுவதும் அதுதான். கதைப்போக்கில் தோரின் சுத்தியல் அவள் கைக்கு வந்து சேர்கிறது. தகுதியுள்ளவர் மட்டுமே தூக்கக்கூடிய சுத்தியல் அது, அவள் தூக்கிவிடுகிறாள். அதை வைத்துக்கொண்டே சண்டையிட்டிருந்தால் ஸ்டார்ம் எதிர்நின்றிருக்க முடியாது. ஆனால், அது எனக்கு நியாயமற்ற சாதகம் என்று நினைத்து, சண்டைக்கு முன்பே அதைக் கீழே வைத்துவிடுகிறாள். பிறகு ஸ்டார்மின் மின்னல் அவளை வீழ்த்துகிறது. கிரேக்கத் தெய்வங்களின் வலிமை பெற்ற ஒரு வீராங்கனை மின்னலுக்குச் சாய்வதா என்று டிசி ரசிகர்கள் கேட்டார்கள். அந்நாளில் ஸ்டார்ம் இடம்பெற்ற எக்ஸ்-மென் இதழ்களுக்கு இருந்த செல்வாக்குதான் வாக்காக விழுந்தது என்றார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். 1991-இல் எக்ஸ்-மென் வரிசையின் முதல் இதழ் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சாகி விற்ற காலம் அது, 1992 முதல் தொலைக்காட்சியிலும் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். என்றாலும், தோற்கப்போகிறாள் என்று வாக்கு எழுதிவிட்ட ஒரு பாத்திரத்துக்கு, தோற்பதற்கு முன்னால் அவள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கொடுத்திருக்கிறார்கள். சுத்தியலைத் தூக்க முடிந்ததைவிட, அதைக் கீழே வைத்ததில்தான் அவள் தகுதி தெரிகிறது. என் கடைக்கு வந்த பெண் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

வாசகர் வாக்கு என்றதும், இதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1988-இல் பேட்மேன் கதையில் இரண்டாவது ராபினான ஜேசன் டாட், வில்லன் ஜோக்கர் வைத்த வெடிகுண்டில் சிக்கியதும், அவன் பிழைக்க வேண்டுமா சாக வேண்டுமா என்று டிசி நிறுவனம் தொலைபேசியில் வாக்குக் கேட்டது. ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271 அழைப்புகள். 72 அழைப்பு வித்தியாசத்தில் அந்தப் பையன் இறந்தான். அவன் துடுக்குத்தனம் பலருக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இறந்த ராபினைப் பேட்மேன் கையில் தூக்கி வரும் பக்கத்தைப் பார்த்தபின், வாக்கில் வென்ற கட்சிக்கும் அது இனிக்கவில்லை. 2005-இல் அவனை உயிர்ப்பித்துக் கொண்டுவந்தபோது, என்னைக் கொன்றவனை நீ ஏன் விட்டுவைத்தாய் என்று பேட்மேனைக் கேட்பவனாகக் கொண்டுவந்தார்கள். வாக்கால் வந்த சாவுக்குக் குணத்திலிருந்து ஒரு விளைவைக் கண்டுபிடிக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

இனி, 1996 மோதலில் பலர் கவனிக்காத ஒரு செய்தி. சூப்பர்பாயை வென்ற ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர் அல்லன். அப்போது முகமூடிக்குள் இருந்தவன் பென் ரைலி. இது ரசிகர்களின் பெருங்கோபத்தோடு தொடர்புடையது. 1975-இல் ஒரு கதையில் பீட்டரின் நகல் ஒருவன் உருவாக்கப்பட்டு இறந்துபோனதாகக் காட்டியிருந்தார்கள். 1994-இல் அவன் பென் ரைலி என்ற பெயரில் திரும்பி வந்தான். 1995-இல், இத்தனை காலம் நீங்கள் படித்த பீட்டர்தான் நகல், பென்தான் அசல் என்று அறிவித்துவிட்டார்கள். இருபது ஆண்டுகள் ஒருவனோடு சேர்ந்து வளர்ந்த வாசகரிடம், நீ பழகியது வேறு ஆள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. 1996 முடிவதற்குள் பென்னைச் சாகடித்து, பீட்டர்தான் அசல் என்று மாற்றி எழுதினார்கள்.

நெல்லைச் சீமையில் பிறந்தவர்களுக்கு இந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னிதி இருக்கிறது. வில்லுப்பாட்டில் கேட்கும் முத்துப்பட்டன்தான் அவன். பிராமண குலத்தில் பிறந்த அவன், தோல் தொழில் செய்யும் அருந்ததியர் குலத்துச் சகோதரிகளான பொம்மக்கா, திம்மக்கா மீது காதல் கொள்கிறான். பெண்களின் தகப்பனார், பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிந்து செருப்புத் தைத்துக் கொண்டுவா என்கிறார். அவன் அப்படியே செய்கிறான். பிறகு அவர்களின் மாடுகளைக் களவாட வந்தவர்களோடு போராடி உயிர் விடுகிறான். பின்னாளில் இந்தக் கதையில் ஒரு மாற்றம் புகுந்தது. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டு எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு பிறப்புக் கதையைச் சேர்த்துவிட்டார்கள். நம் மாவட்டத்து நாங்குநேரியைச் சேர்ந்த பேராசிரியர் நா. வானமாமலை, முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தபோது இந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டினார்.

பென் ரைலி விஷயத்தில் செய்ததும் இதே வேலைதான். கதையின் நடுவில் ஒரு வரியையும் மாற்றாமல், பிறப்பை மட்டும் மாற்றிவிட்டால், அந்தப் பாத்திரம் செய்த எல்லாத் தேர்வுகளின் எடையும் குறைந்துவிடுகிறது. பெண்கள் பிராமணக் குழந்தைகள்தான் என்றால் முத்துப்பட்டன் எதைத் துறந்தான்? பீட்டர் நகல்தான் என்றால், தன் அலட்சியத்தால் இறந்த பென் மாமாவுக்காக அவன் சுமந்த குற்ற உணர்வு யாருடையது? இன்றைக்கும் பட்டவராயனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் செருப்பைத்தான் காணிக்கையாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பிறப்புக் கதையை மாற்றியவர்களால் அந்தச் செருப்பை மாற்ற முடியவில்லை. கதையில் எது உயிர்நிலை என்பதைக் கேட்பவர்கள் விடாமல் பிடித்து வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கம்பராமாயண ஏடுகளில் இருந்தாலும், இந்தப் பாட்டு கம்பன் பாடியது அன்று என்று குணம் பார்த்தே ஒதுக்கத் துணிந்த ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்து, வட்டத்தொட்டி என்ற இலக்கியச் சபையைக் கூட்டிய ஊர் இது. அவர் ஒதுக்கியதையெல்லாம் நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் ஆழ்ந்து பழகிய ரசிகருக்கு அப்படியொரு உரிமை உணர்வு பிறப்பது இயற்கை என்பதை மறுக்க மாட்டேன்.

வெவ்வேறு கதைகளின் நாயகர்கள் சந்திக்கும் கிராஸ்ஓவர் கதைகளில் 'பாத்திரத் தேர்வு' என்று ரசிகர்கள் சொல்லும்போது இரண்டு பொருள் உண்டு. யாரை யாரோடு கோத்தார்கள் என்பது ஒன்று. கோத்தபின் அவர்கள் எந்த முடிவை எடுத்தார்கள் என்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றிய சச்சரவு விரைவில் ஓய்ந்துவிடும். இரண்டாவதுதான் நிற்கும். 2006-இல் மார்வெல் தன் சொந்த நாயகர்களையே இரண்டு அணியாகப் பிரித்து மோதவிட்ட உள்நாட்டுப் போர் கதையில் இதைத் தெளிவாகக் காணலாம். முகமூடி நாயகர்கள் அரசிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத்தை அயர்ன் மேன் ஆதரிக்கிறார், கேப்டன் அமெரிக்கா எதிர்க்கிறார். அயர்ன் மேன் ஆதரித்ததை ரசிகர்களில் பலர் ஏற்றுக்கொண்டார்கள்; எதையும் ஒழுங்குக்குள் கொண்டுவர நினைக்கும் பொறியாளர் அவர். அவர் தோருக்கு ஒரு நகலை உருவாக்கியதையும், அந்த நகல் கோலியாத் என்ற சக நாயகனைக் கொன்றதையும், பழைய தோழர்களை வேற்றுலகச் சிறையில் அடைத்ததையும்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. இதில் நான் ரசிகர்கள் பக்கம். இரு தரப்புக்கும் நியாயம் உண்டு என்று தொடங்கிய கதை, ஒரு தரப்பை வில்லனாக்குவதற்காக அவர் குணத்தை வளைத்துவிட்டது.

அதே கதையில் ஸ்பைடர்மேன் பத்திரிகையாளர்கள் முன்னால் முகமூடியைக் கழற்றிய காட்சிக்கு வந்த எதிர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 1962 முதல் மே அத்தையைக் காப்பதற்காக மறைத்து வைத்த முகம்; அதைத் திறப்பது அவன் குணத்துக்கு மாறு என்றார்கள். எனக்கோ, தகப்பன் இல்லாத பிள்ளை, தகப்பனைப் போல் வந்து நின்ற அயர்ன் மேனின் சொல்லை நம்பிச் செய்த பிழையாகவே அது தெரிந்தது. ஏமாற்றப்பட்டதை உணர்ந்து அவன் அணி மாறியதும் அதற்குப் பொருந்தியது. முடிவில், வெல்லும் நிலையில் இருந்த கேப்டன், சாதாரண மக்கள் தன்னைப் பிடித்து இழுத்து நிறுத்தியதும், சுற்றிலும் நடந்த அழிவைப் பார்த்துவிட்டுச் சரணடைகிறார். பலருக்கு அது சப்பென்று ஆகிவிட்டது. அவர் வேறு எதைச் செய்திருந்தாலும் நான்தான் புத்தகத்தை மூடி வைத்திருப்பேன்.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984-இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தொடங்கியபின் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர் வந்து சேர்ந்தான். வலைத் துப்பாக்கியும் ஹெலிகாரும் கொண்ட இந்த ஸ்பைடர் வேறு, அமெரிக்க ஸ்பைடர்மேன் வேறு. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் மாயாவிக்கும் இந்த ஸ்பைடருக்கும் சண்டை வந்தால் யார் வெல்வார் என்று, என் கடைப் புத்தகங்களின் ஓரங்களில் பென்சிலால் எழுதித் தீர்த்திருக்கிறார்கள். ஒரு கை 'மாயாவிதான்' என்று எழுதியிருக்கும். அதன் கீழே வேறொரு கை, 'ஸ்பைடர் வாயுத் துப்பாக்கி வச்சிருக்கான்ல, மறந்துட்டியா' என்று கேட்டிருக்கும். அவற்றில் ஒன்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: 'ரெண்டு பேரும் கெட்டவனா இருந்து நல்லவனா ஆனவங்க, சண்டை போட மாட்டாங்க.' அதை எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால் அவர் பிரிட்டிஷ் மூலத்தையே தொட்டுவிட்டார். 1962-இல் தொடங்கிய மாயாவி கதையில் லூயிஸ் கிராண்டேல் முதலில் குற்றவாளியாகத்தான் வருகிறான், பிறகே உளவுப் படைக்குப் போகிறான், ஸ்பைடரும் அப்படியே. ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர், ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல் என்பது நம் பக்கத்து வாசகர்கள் பலருக்கு இன்னும் வியப்பான செய்தி. மாயாவி, ஸ்பைடர் இருவரையும் ஆர்ச்சி என்ற இயந்திர மனிதனையும் ஒரே கதையில் சேர்த்து, 2005-இல் ஆல்பியன் என்ற ஆறு இதழ்த் தொடர் வந்தது. ஆலன் மூர் கதைக்கரு கொடுக்க, லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதினார்கள். அதில் நம் நாயகர்கள் ஸ்காட்லாந்தில் ஓர் இரகசியச் சிறையில் கிடக்கிறார்கள். மின்சாரம் பாய்ந்து மறையும் மனிதனைக் கம்பிக்குள் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது; ஆனால் கோபம் வரவில்லை. அவர்கள் கைவிடப்பட்டிருந்தார்களே ஒழிய, குணம் மாறியிருக்கவில்லை.

ரசிகர்கள் தவறும் இடங்களும் உண்டு. யார் எத்தனை டன் தூக்குவார் என்று பட்டியல் போட்டு, அதன்படியே எல்லாச் சண்டையும் முடிய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது வாசிப்பு ஆகாது. எழுதியவரையும் வரைந்தவரையும் வசைபாடுவது எந்த வகையிலும் தகாது.

எதைப் படிக்கலாம் என்று கேட்டீர்கள். 1996 கதையைப் படித்துவிட்டு, உடனே 2003–2004-இல் வந்த ஜேஎல்ஏ–அவெஞ்சர்ஸ் நான்கு இதழ்களைப் படியுங்கள்; டிசியின் ஜஸ்டிஸ் லீக் அணியும் மார்வெலின் அவெஞ்சர்ஸ் அணியும் மோதும் கதை. இதே இரண்டு உலகங்கள், ஆனால் வாக்கு இல்லை. 1983-இலேயே ஜார்ஜ் பெரெஸ் வரையத் தொடங்கி, நிறுவனங்களின் பிணக்கால் நின்றுபோன திட்டம் அது. இருபது ஆண்டுகள் கழித்து கர்ட் பியூசிக் எழுத, அதே பெரெஸ் வரைந்து முடித்தார். இரண்டு அணிகளும் ஏன் மோதிக்கொள்கின்றன என்பதற்கு அதில் சொல்லும் காரணம் குணத்திலிருந்தே பிறக்கிறது. மார்வெல் உலகத்தைப் பார்த்த சூப்பர்மேன், இத்தனை வலிமை இருந்தும் இவர்கள் தங்கள் உலகத்தை இதைவிட நன்றாக வைத்திருக்கவில்லையே என்று எரிச்சல் கொள்கிறார். டிசி உலகத்தில் நாயகர்களுக்கு மக்கள் காட்டும் வழிபாட்டைப் பார்த்த கேப்டன் அமெரிக்கா, இவர்கள் மக்களை அடக்கி ஆள்கிறார்களோ என்று ஐயப்படுகிறார். இருவர் எண்ணமும் தவறு. ஆனால் இருவரும் அவரவர் கண்ணால்தான் பார்க்கிறார்கள்.

இரண்டாவது இதழில் சூப்பர்மேன் தோரை வீழ்த்துகிறார். தோரின் ரசிகர்களுக்கு அது வலித்தது. கடைசி இதழில் சூப்பர்மேன் கையில் தோரின் சுத்தியலும் கேப்டனின் கேடயமும் ஒருசேர வரும்போது, இது சலுகை என்று சிலர் முணுமுணுத்தார்கள். சண்டை ஓய்ந்தபின் சூப்பர்மேன் மறுபடி அந்தச் சுத்தியலைத் தூக்க முயல்கிறார், அது அசைய மறுக்கிறது. பேராபத்துக் காலத்தில் மட்டும் தன் தந்தை ஓடின் அந்த விதியைத் தளர்த்தினார் என்று தோர் விளக்குகிறார். தோருக்குரிய மரியாதை அந்த ஒரு கட்டத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம், அதே இரண்டாவது இதழில் பேட்மேனும் கேப்டனும் எதிர்ப்படும் காட்சி. மற்ற எல்லாரும் அடித்துக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டொரு வீச்சில் ஒருவரையொருவர் அளந்து பார்க்கிறார்கள். இந்தச் சண்டை முடிய வெகுநேரம் ஆகும், அதனால் பயனும் இல்லை என்பதை இருவருமே உணர்ந்து, கையை இறக்கிவிட்டு, உண்மையில் என்ன நடக்கிறது என்று துப்பறியச் சேர்ந்து புறப்படுகிறார்கள். 1996-இல் வாக்கும் வெள்ளமும் சேர்ந்து தீர்த்து வைத்த கேள்விக்கு, இந்த இருவரும் தாங்களாகவே சொன்ன விடை இது. பெரெஸ் நோயுற்றிருந்த 2022-இல் இந்தப் புத்தகத்தை 7,000 பிரதிகள் மட்டும் மறுபதிப்பாக அச்சிட்டார்கள். அந்த மே மாதமே அவர் மறைந்தார். என்னிடம் பழைய நான்கு இதழ்களும் இருக்கின்றன. கடையை மூடிவிட்டாலும் பெஞ்சு இன்னும் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது. வெளியே கொடுப்பதில்லை; ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால், உட்கார்ந்து படித்துவிட்டுப் போகலாம், தம்பி.